பாஸ் வெள்ளை

எட்டு மாதமாக ஒரு பொத்தானை அமத்தி ஆட்களின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அதை எனக்குக் காட்டித் தந்த முதலாளிக்கும் தெரியாது. அதைக் கணினியில் ஏற்றிவிட்டுப் போனவனுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவருக்கும் தெரியாத ஒன்று, திருகோணமலைத் துறைமுக வாசலுக்குப் போகிற வீதியில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்குள் வந்துபோகிற எல்லாருடைய முகத்திலும் கை வைத்துக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஆள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று பள்ளிக்கூடம் மாறியதில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கட்டுநாயக்காவில் கார்மென்ட், குவைத்தில் வீட்டு வேலை, கந்தளாயில் அரிசி ஆலை, தம்பலகாமத்தில் சாப்பாட்டுக் கடைக் குசினி. ஓரிடத்திலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. சில இடங்களில் நிற்பாட்டினார்கள். அநேகமான இடங்களில் நானே பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஒரே சுவரை நிறைய நாள் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும்.

ஸ்டூடியோவில் என்னை எடுத்தது படம் பிடிக்க அல்ல. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிற பெண்களுக்கு முந்தானையைச் சரிபண்ணி விடவும், தலையில் போட்ட துணியைக் காது தெரிகிற மாதிரி ஒதுக்கி விடவும் ஒரு பொம்பிளை ஆள் வேண்டியிருந்தது. முதலாளி தொட்டால் சரிவராது. அதோடு கூட்டுவது, படங்களை வெட்டுவது, டவுனுக்குள் திரிந்து வாசலில் வந்து படுக்கிற மான்களைக் கலைப்பது. கணினி வேலையைச் செய்துகொண்டிருந்தவன் கட்டாருக்குப் போனதும், முதலாளி என்னை அந்தக் கதிரையில் இருத்தினார்.

"கஷ்டம் ஒண்டும் இல்லை பிள்ளை," என்றார். "இடப்பக்கம் பெயருகள் இருக்குது பார். அடையாள அட்டை, பாஸ்போட், துறைமுகப் பாஸ் எண்டா 'பாஸ் வெள்ளை'. கலியாணம் எண்டா 'கலியாணப் பால்'. பிறந்தநாளுக்கு வேற. பெயரை அமத்து. படம் தானா வடிவா வரும். பிறகு பிரிண்ட்."

"தானா எப்பிடி அண்ணன் வரும்?"

"அதுக்குத்தான் பிரீசெட் எண்டு பெயர். எல்லாம் உள்ளுக்கு இருக்கு."

உள்ளுக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தெரியாத வேலைக்குப் போய்ப் பழகிய ஆள் முதலில் கேள்வியைத்தான் விழுங்கப் பழகுவாள். அமத்தினேன். கறுத்து, வேர்த்து, வெயிலில் நடந்து வந்த முகம் ஒரு நொடியில் மாவில் பிசைந்த மாதிரி மாறியது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போனது. அம்மை வடு போனது. வந்தவர்கள் படத்தை வாங்கிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்கள். எனக்கும் ஏதோ கைவந்த மாதிரி இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

எட்டாவது மாதத்தில் ஒரு பெரிய கப்பல் வந்தது. மூட்டை இறக்க ஆள் பிடிக்கிற ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், காலை எட்டு மணிக்கே முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றார். எல்லாருக்கும் துறைமுகத்துக்குள் போகிற பாஸ் எடுக்க வேண்டும். படமும் விண்ணப்பமும் அன்று பின்னேரத்துக்குள் வாசல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எல்லாரும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு ஜக்கெட் போட்டிருந்தார்கள். ஜக்கெட்டோடுதான் படம் வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

முதலாளி ஒவ்வொருவராக ஸ்டூலில் இருத்தி எடுத்தார். விண்ணப்பத்தில் இருந்த கேள்விகளை நான் வாசித்து நிரப்பினேன். என் எழுத்து பெரிய எழுத்து, கோட்டுக்கு வெளியே போகும். ஆனால் அவர்களில் பாதிப் பேரின் எழுத்தைவிட அது பரவாயில்லை. ஒரு கேள்வி, உடலில் உள்ள அடையாளங்கள். மச்சம், வெட்டு, இல்லை. மச்சம், இல்லை, இல்லை. மூதூரில் இருந்து வந்திருந்த ஒருவரிடம் மட்டும் நான் கேட்கவே தேவையில்லாமல் இருந்தது. ஐம்பது வயது இருக்கும், மற்றவர்கள் அண்ணன் என்கிற முறையில் 'நானா' என்று கூப்பிட்டார்கள். இடது காதின் அடியில் தொடங்கி வாயோரம் வரை பெருவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு. மினுமினுவென்று வெளிறிப்போய், தோல் இழுத்துக்கொண்டு நின்றது.

"எழுதுங்க தங்கச்சி," என்றார் அவர். "மறைக்க ஏலாத சாமான்தானே."

பக்கத்தில் நின்ற ஒருவன், "நானாக்குப் பாஸே தேவையில்லை, கன்னத்தைக் காட்டினா கேட் தானாத் திறக்கும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அந்தப் பக்கம் வாய் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

முப்பத்திரண்டு படத்தையும் ஒன்றாகத் தெரிவு செய்து 'பாஸ் வெள்ளை'யை ஒரே தரம் அமத்தலாம் என்று முதலாளி காட்டித் தந்தார். அமத்தினேன். முப்பத்திரண்டு பேரும் ஒன்றாக வெளுத்தார்கள். அப்போது ஒன்றைக் கண்டேன். ஜக்கெட்டுகளும் வெளுத்திருந்தன. கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு, பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் நின்றது.

"அண்ணன், ஜக்கெட்டும் வெளிறிப் போச்சு."

"முகத்தைத்தான் பார்ப்பாங்கள், ஜக்கெட்டை ஆர் பார்க்கிறது? வெட்டு, வெட்டு."

வெட்டினேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒவ்வொரு படத்தை ஒட்டினேன். மூதூர்க்காரருடையதையும் ஒட்டினேன். மேலே பளிங்கு மாதிரி ஒரு கன்னம். கீழே என் பெரிய எழுத்தில், இடது கன்னத்தில் நீண்ட தழும்பு. இரண்டையும் ஒட்டிய கை ஒன்றுதான். இரண்டும் ஒத்துவராதது கண்ணில் படவில்லை. முப்பத்திரண்டு தரம் அமத்திய பசையோடு அதுவும் ஒன்றாகப் போனது.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் தனியாக வந்தார். ஜக்கெட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். படத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு.

"விடேல்லை," என்றார். "கடுதாசியில தழும்பு இருக்கு, முகத்தில தழும்பு இருக்கு, படத்தில மட்டும் இல்லை எண்டுறாங்க. வேற ஆளின்ட படத்தை ஒட்டிக்கொண்டு வந்திருக்காய் எண்டு பேச்சு. மத்த எல்லாரும் உள்ளுக்குப் போய்ட்டாங்க."

முதலாளி படத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை, சிரித்தார்.

"என்ன நானா, பத்து வயசு குறைச்சுத் தந்திருக்கிறன், சந்தோசப்படாமல் நிற்கிறீங்கள்? இதுக்கு வேற கடையளில தனியா வாங்குவாங்கள்."

"எனக்கு வயசு குறையத் தேவையில்லை முதலாளி. பன்னிரண்டு மணிக்கு முன்னம் பாஸ் வராட்டி என்ட இடத்துக்கு வேற ஆளைப் போடுறன் எண்டு மேற்பார்வையாளர் சொல்லிட்டார். ஆறு நாள் கப்பல். இதை விட்டா அடுத்த கப்பல் எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப நேரா இருங்கோ, திருப்பி எடுப்பம்," என்று முதலாளி கமராவைத் தேடினார். கமரா இல்லை. அவருடைய மச்சான் அதை நிலாவெளிக்கு ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கொண்டுபோயிருந்தார். போனால் பின்னேரம்தான் வருவார்.

"கைபேசியில எடுங்கோ அண்ணன்," என்றேன். அதை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள் என்றார். அது உண்மையா, கடையின் மானத்துக்குச் சொன்னதா என்று தெரியாது.

"நேற்று எடுத்த படம் கிடக்குத்தானே?" என்றேன்.

"அது வெளுத்துப் போச்சு. இனி என்ன செய்யிறது?" என்றார் முதலாளி.

வெளுத்துப்போன துணியைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தரம் அமத்தினால் போனது போனதுதான் என்று. ஆனால் அந்த மனிசன் ஜக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கணினிக்கு முன்னால் இருந்தேன்.

முதலில் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். வெளுத்ததைக் கறுப்பாக்கினால் சரி என்று நினைத்தேன். பட்டியலில் 'இருட்டு' என்று ஒரு பிரீசெட் இருந்தது. கலியாணத்தில் விளக்குப் படங்களுக்குப் போடுவது. அதை மேலே அமத்தினேன். படம் இருண்டது. ஆனால் தழும்பு வரவில்லை. முன்பு வெள்ளையான வழுக்கல் மனிதன், இப்போது இருட்டில் நிற்கிற வழுக்கல் மனிதன். ஜக்கெட் இன்னும் அசிங்கமாகிப் போனது.

"இது நான் இல்லை தங்கச்சி," என்றார் அவர், பின்னால் வந்து நின்று. "இது என்ட மையத்து, செத்த முகம்."

நான் கட்டாரில் இருக்கிறவனுக்குக் குரல் செய்தி போட்டேன். தம்பி, 'பாஸ் வெள்ளை'க்குள்ள என்ன இருக்கு, அதை எப்பிடி எடுக்கிறது, அவசரம். அவன் வேலைத்தளத்தில் நின்றான் போல, பின்னால் இடி இடியென்று சத்தம். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு கூட்டாளி பென் டிரைவில போட்டுத் தந்தவன், அவனுக்கும் ஆரோ இந்தியாவில இருந்து அனுப்பினது. நான் பெயரை மட்டும்தான் மாத்தினனான். வலப்பக்கம் ஒரு பட்டி இருக்கு, எனக்கு இடைஞ்சலா இருந்ததெண்டு மூடி வச்சனான். அதைத் திறந்து பாருங்கோ."

வலப்பக்கம். எட்டு மாதம் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தும் எனக்கு வலப்பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. திரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு முக்கோணம். அதை அமத்தினேன். ஒரு பட்டி விரிந்து வெளியே வந்தது. வரிவரியாகக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் நகர்த்துகிற ஒரு குமிழ், ஒவ்வொரு குமிழுக்குப் பக்கத்திலும் ஒரு எண். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சிலது விளங்கியது, சிலது விளங்கவில்லை. விளங்காததை நகர்த்திப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பொத்தானுக்குள் ஒரு மாயமும் இல்லை. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, எந்த முகத்தையோ வைத்துக்கொண்டு, இந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாக நகர்த்தியிருக்கிறார். எந்தெந்தக் குமிழ் எங்கே நின்றது என்பதை ஒரு பட்டியலாகச் சேமித்து, அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். நான் அமத்தும்போது அந்த ஆளின் கை வந்து என் படத்தின் குமிழ்களைத் தன் இடத்துக்கு நகர்த்திவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். முகத்தை அது பார்க்கவில்லை. மூதூரையும் அதற்குத் தெரியாது, மூட்டை தூக்குகிறவனையும் தெரியாது. எண்களைத் தான் கொண்டுவந்தபடியே வைத்துவிட்டுப் போகும்.

'இருட்டு' ஏன் தழும்பைத் திருப்பித் தரவில்லை என்பதும் விளங்கியது. அதை அமத்தியபோது வெளிச்சக் குமிழ் மட்டும்தான் நகர்ந்தது. மற்றவையெல்லாம் 'பாஸ் வெள்ளை' வைத்த இடத்திலேயே இருந்தன. புதிய பிரீசெட் ஒன்று சேமிக்கப் போனால் ஒரு பெட்டி வந்து, இதில் எதை எதைச் சேர்க்க என்று கேட்டுச் சரி போடச் சொல்கிறது. சரி போட்டது மட்டும்தான் அதற்குள் போகும். போடாததை அது தொடாது. மேலே மேலே அமத்தினால் ஒன்றை ஒன்று அழிக்கும் என்று நான் நினைத்தது பிழை. தான் வாயைத் திறக்காத இடத்தில், முன்னால் வந்தவன் சொன்னதை அது அப்படியே விட்டுவிடும்.

சரி, தோலை வெளுக்கப் பண்ணியது எது? ஒவ்வொரு குமிழாகப் பார்த்துக்கொண்டு போனேன். நிறங்கள் என்று ஒரு பகுதி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று எட்டு நிறம். மற்ற ஏழும் பூச்சியத்தில் நின்றன. ஆரஞ்சின் வெளிச்சம் மட்டும் வலப்பக்கத்துக் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்து நடுவுக்கு இழுத்தேன். ஜக்கெட் நிறம் வந்தது. கூடவே அவருடைய முகத்தின் நிறமும் வந்தது.

நான் அதைத் திருப்பிக் கடைசிக்கு இழுத்தேன், திருப்பி நடுவுக்கு இழுத்தேன். ஜக்கெட்டும் முகமும் ஒன்றாக வெளுத்தன, ஒன்றாக நிறம் வந்தன. அந்த மென்பொருளுக்கு எங்கள் தோல் என்பது ஆரஞ்சு. ஜக்கெட்டும் ஆரஞ்சு. இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆரஞ்சு எங்கே இருந்தாலும் வெளுக்கப் பண்ணு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார், நான் எட்டு மாதமாக அதை நிறைவேற்றியிருக்கிறேன். இந்தத் தோலில் என்ன பிழை என்று அந்த ஆளிடம் ஒரு தரம் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க ஆள் இல்லை. பென்னில் வந்த எண்ணுக்கு எந்த முகம்?

குவைத்துக்குப் போவதற்கு முன் எனக்கும் ஒரு படம் எடுத்தார்கள். ஏஜென்சிக்காரன் காட்டிய ஸ்டூடியோ. படத்தில் நான் நல்ல வெள்ளை. அங்கே போய் இறங்கிய அன்று, என்னை எடுத்த வீட்டு அம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நாங்கள் கேட்ட ஆள் இல்லை என்றாள். இரண்டு நாள் ஏஜென்சிக்காரனின் அறையில் வெறும் நிலத்தில் படுத்தேன். பிறகு வேறு வீட்டுக்குக் கொடுத்தார்கள், அங்கே பத்துப் பேருக்குச் சமையல். அது நடந்தது, முடிந்தது. அதைப் பற்றி நான் பெரிதாக நினைத்ததில்லை, அந்தக் குமிழைக் கையில் பிடிக்கும் வரைக்கும். எனக்குச் செய்ததை நானே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நிறம் வந்தது, தழும்பு இன்னும் வரவில்லை. நேரம் பத்தே முக்கால். பட்டியில் இன்னும் மேலே போய்ப் பார்த்தேன். தோலின் நுணுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று, இடப்பக்கத்துக் கடைசியில். அதை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். முதலில் தாடி மயிர் வந்தது. நெற்றிச் சுருக்கம் வந்தது. பிறகு காதடியில் இருந்து ஒரு வெளிறிய கோடு எழும்பி, வாயை நோக்கி வந்து நின்றது.

"ஆ," என்றார் அவர். "வந்துட்டான்."

குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "துறைமுகத்துக்கு உள்ளுக்குத்தான் நடந்தது இது. சங்கிலி அறுந்து அடிச்சது. ஆறு தையல் எண்டு நினைச்சன், பதினொண்டு போட்டாங்க." மழை பெய்தது என்கிற மாதிரிச் சொன்னார். பிறகு மேசையில் கிடந்த பழைய படத்தைக் காட்டி, "அந்த வழுக்கலையும் எறியாதீங்க. என்ட மகளுக்குக் காட்ட வேணும். என்னை அப்பிடி அவ கண்டதே இல்லை," என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் அவர் மேலும் கோபம் வந்தது. அவருக்காகத்தானே நான் இவ்வளவு கொதிக்கிறேன். ஆனால் அவருடைய முகம், அவருடைய மகள்.

முதலாளி அப்போதுதான் தேத்தண்ணிக் கடையில் இருந்து வந்தார். திரையைப் பார்த்தார். "அட, கீழ 'ரீசெட்' எண்டு ஒண்டு கிடக்குதே பிள்ளை. அதை அமத்தினா எல்லாம் பழைய இடத்துக்குப் போயிருக்குமே. என்னத்துக்கு இவ்வளவு மினக்கெட்டாய்?"

கீழே பார்த்தேன். இருந்தது. அமத்தினேன். எல்லாக் குமிழும் ஒன்றாகப் பூச்சியத்துக்குப் போயின. நேற்று எடுத்த படம், எடுத்த மாதிரியே, ஒன்றும் அழியாமல் உள்ளே இருந்தது. பிரீசெட் படத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி. எடுத்துப் போட்டால் போய்விடும்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"முந்தி ஒருக்கா மச்சான் சொன்னவர். மறந்து போச்சு."

"இனி என்ன செய்யிறது எண்டு ஒன்பது மணிக்குக் கேட்டீங்கள் அண்ணன். இந்த மனிசன் ரெண்டு மணித்தியாலமா ஜக்கெட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"மறந்து போச்சு எண்டுறன், குரலை உயர்த்தாத."

"உயர்த்துவன். பிழை எங்கட கடையில. அதை ஒரு கடுதாசியில எழுதித் தாங்கோ, அலுவலகத்தில குடுக்க வேணும்."

"கடையில பிழை எண்டு நான் எழுதுறதோ? அந்த ஒப்பந்தக்காரர் பிறகு ஒருத்தரையும் இங்க அனுப்புவாரோ? நானா முகத்தைக் கொண்டுபோய்க் காட்டட்டும், அது காணும்."

எழுதமாட்டேன் என்று விட்டார். கடையின் தலைப்புக் கடுதாசி மேசை லாச்சியில் இருந்தது. நான் எடுத்து எழுதினேன். என் பெரிய எழுத்தில், இன்னாரின் படத்தில் எங்கள் கடையின் திருத்தத்தால் தழும்பு மறைந்துவிட்டது, இது சரியான படம் என்று நாலு வரி. கடை முத்திரையைக் குத்தினேன். நான் முதலாளியைப் பார்க்கவே இல்லை.

படத்தை அச்செடுத்து வெட்டி, மூதூர்க்காரரோடு நானும் நடந்தேன். அவருக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும், எனக்குக் கார்மென்டில் பழகிய சிங்களம் அதைவிடக் கூடத் தெரியும். வாசலில் வரிசை. பதினொன்றரை. வெயில் தலையில் ஏறி நின்றது. அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டார்.

பாஸ் அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு சத்தமில்லாத மனிதர். கடுதாசியை வாசித்தார், நான் சொன்னதைக் கேட்டார். புதிய படத்தை மூதூர்க்காரரின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் தழும்பு, முகத்தில் தழும்பு, விண்ணப்பத்தில் தழும்பு. தலையை ஆட்டினார். பழைய படத்தைக் கழற்றி என்னிடம் தந்தார், புதியதை ஒட்டச் சொன்னார். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தவர், அதை அந்தரத்தில் நிற்பாட்டினார்.

"நேற்று அதே கடையில் இருந்து முப்பத்திரண்டு படம் வந்தது," என்றார் சிங்களத்தில். "மற்றவற்றையும் இப்படித்தான் திருத்தினீர்களா?"

எனக்கு அது எதிர்பாராத அடி. காலையில் இருந்து ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நான் கத்திக்கொண்டிருந்தேன். முகத்தில் இருப்பதுதான் படத்தில் இருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், கேட்க வேண்டிய மனிதர் இவர்தான். ஓம் ஐயா, எல்லாரையும் வெளுக்கப் பண்ணித்தான் அனுப்பினோம், ஒருவரும் அப்படி இல்லை என்று சொன்னால், அவர் எழும்பிப் போய் அந்த முப்பத்தொரு பேரையும் கப்பலில் இருந்து இறக்குவார். இவரையும் விடமாட்டார், ஆள் இல்லாமல் எந்த வேலை? ஆறு நாள் கூலி, முப்பத்திரண்டு வீடு.

பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எதையோ வாசித்துக்கொண்டு நின்றார். அந்தச் சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இல்லை," என்றேன். "இவருடையதில் மட்டும்தான் பிழை நடந்தது. மற்றவை எடுத்தபடி."

அதிகாரி நம்பினாரா, நம்பாமல் விட்டாரா, தெரியாது. முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து, வாசல் தடைக் கம்பத்துக்கு முன்னால், மூதூர்க்காரர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மேற்பார்வையாளர் உள்ளே இருந்து, "வா, வா, நேரம் போகுது," என்று கையைக் காட்டினார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"பொய் சொன்னீங்க தங்கச்சி," என்றார் அவர்.

"ஓம் நானா, சொன்னனான்."

"சிங்களத்தில உங்களுக்கு நல்லாப் பொய் சொல்ல வருது."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். காவலாளி பாஸைப் பார்த்து, கன்னத்தைப் பார்த்து, உள்ளே விட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேலை கிடைத்தது, அது எனக்குப் போதும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் போதாது. எங்கேயோ இருக்கிற ஒருவன் ஒரு குமிழை நகர்த்தினான். இங்கே நான் ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்து, வெளுத்த முப்பத்தொரு பேரையும் எடுத்தபடியே இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அவனுடைய பொய்யை என் வாயால் சொன்னேன். மூட்டை சுமக்கிறவர்களின் வயிறு அந்தப் பக்கம் இருக்கும்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வழி இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

கடைக்குத் திரும்பி நடக்கும்போது முதலாளிக்குச் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக்கொண்டு போனேன். வாசலுக்குப் போனதும் அவர் என்னைக் கண்டு, "என்ன, விட்டாங்களோ?" என்று கேட்டார். முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

"விட்டாங்கள்," என்றேன். "அந்த முப்பத்தொரு படத்தையும் நான் இப்ப திருப்பிச் செய்யப் போறன். அடுத்த கப்பலுக்குப் பாஸ் புதுப்பிக்க வருவாங்கள், அப்ப சரியான படம் கையில இருக்க வேணும்."

"அதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேட்கேல்லை," என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்து, முதல் ஆளின் படத்தைத் திறந்தேன்.